அம்மா உணவகம்: 15 ரூபாயில் மூன்று வேளை

கையில் காசு இறுக்கமான மாதங்களில் சென்னையில் முதலில் நினைவுக்கு வரவேண்டிய இடம் இதுதான். 2013-இல் மாநகராட்சி இதைத் தொடங்கியது. சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். நம் ஒரு ரூபாய் இட்லிக்குப் பின்னால் அவர்கள் வீட்டு வருமானமும் இருக்கிறது.

இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரவு இரண்டு சப்பாத்தி பருப்புக் கடைசலோடு 3. காலையில் நாலு இட்லி, மதியம் சாம்பார் சாதமும் தயிர் சாதமும், இரவு ஒரு செட் சப்பாத்தி: மொத்தம் 15 ரூபாய். உடலுழைப்பு செய்பவர்களுக்கு இது பத்தாது. ஆறு இட்லி, இரண்டு செட் சப்பாத்தி என்று கணக்குப் போடுங்கள். அப்போதும் 20 ரூபாய்தான்.

முதலில் டோக்கன், பிறகு தட்டு, நின்றபடியே சாப்பாடு. சில்லறையோடு போங்கள், வரிசை சட்டென்று நகரும். பார்சல் கிடையாது என்பதால் படுத்திருக்கும் நோயாளிக்கு வாங்கிப்போக முடியாது. இந்த விதியை மட்டும் தளர்த்தலாம். மதியம் 12 மணிக்கே போய்விடுங்கள். சாம்பார் சாதம் சூடாக இருக்கும்போதுதான் குழைவாக இருக்கும், ஆறினால் இறுகிவிடும்.