டைமிங் பெல்ட் இறுக்கம்: விரலா, கேஜா?

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் பழைய 1.6 லிட்டர் டீசல் எஞ்சினில், டைமிங் பெல்ட்டின் (வால்வுகளைப் பிஸ்டன்களோடு நேரம் பிசகாமல் இயக்கும் பல் வைத்த பட்டை) இறுக்கத்தைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் டென்ஷனர் இல்லை. பெல்ட்டை அழுத்தும், மையம் விலகிய ரோலரைத் திருப்பி நாமேதான் இறுக்கம் வைக்க வேண்டும். அதை அளக்க வீட்டில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழிக்குக் கருவியே வேண்டாம். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் பல்சக்கரத்துக்கும் டீசல் பம்ப் பல்சக்கரத்துக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, ஏறத்தாழ 45 டிகிரி வரை திருகிப் பார்க்கலாம். பெட்ரோல் எஞ்சின்களில் பழகிய 90 டிகிரிக் கணக்கை இங்கே கொண்டுவந்தால் பெல்ட் தளர்ந்தே நிற்கும். தளர்ந்த பெல்ட் பல் தாண்டினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே பாழாகும். மேலும், ஒருவர் விரல்வலிமை மற்றவருக்கு வராது.

இரண்டாவது வழி, விடபிள்யூ 210 என்னும் டென்ஷன் கேஜ், அதாவது பெல்ட் இறுக்கத்தை அளக்கும் கருவி. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதே இடத்தில் அதை மாட்டினால் அளவுகோலில் 12-க்கும் 13-க்கும் இடையே காட்ட வேண்டும். ரோலரின் நட்டை 45 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கும்போதே ரோலர் சற்று நகர்ந்துவிடக்கூடும். விரல் உணராத அந்தச் சிறு மாற்றத்தை முள் காட்டிக்கொடுக்கும். அளவுக்கு மீறிய இறுக்கம் ரோலர் பேரிங்கையும் பம்பின் பேரிங்கையும் தேய்ப்பதால், இது முக்கியம்.

எதைக் கொண்டு அளந்தாலும், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்டை அதன் இயல்பான திசையில் கையால் இரண்டு சுற்று சுற்றி மீண்டும் பார்க்க வேண்டும். புதிய பெல்ட் போடுபவர் கேஜை இரவல் வாங்கியாவது பயன்படுத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விரல் சோதனையை இடைக்காலச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.