சுவரில் ஏறிய போன்

ட்ரங்க் கால் காலத்து ஆள் நான். தொலைபேசி நிலையத்தில் ஸ்விட்ச்போர்டின் முன் உட்கார்ந்து, ஒரு இணைப்புக் கம்பியை இந்தத் துளையிலும் இன்னொன்றை அந்தத் துளையிலும் செருகி, "பேசுங்கள்" என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள். ஓய்வு பெற்றபின் கும்பகோணத்தில் ஓய்வூதியர்கள் கூடும் ஒரு மாடிக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் மாலை 3 மணிக்கு ஸ்மார்ட்போன் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்கள் 15 பேர். அந்தக் கூடத்தில் நான்தான் சின்னப் பெண்.

15 பேருக்கு ஒரு ஆறரை அங்குலத் திரையைக் காட்டுவது எப்படி? இதுதான் ஒரு வருடமாக என்னைப் படுத்திய கேள்வி. கடைசியில் அதற்குப் பதில் சொன்னது ஒரு இலவச மென்பொருள்; அதன் கதைதான் இது. "கீழே பச்சையாக ஒன்று தெரிகிறதா, அதைத் தொடுங்கள்" என்பேன். ஒவ்வொருவரும் தன் போனில் வெவ்வேறு பச்சையைத் தொடுவார்கள். கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் முழங்காலுக்கு அருகிலேயே வந்துவிடுவார். அவர் தலை மறைக்கிறது என்று பின்னாலிருப்பவர் சண்டைக்கு வருவார். கூடத்தில் ஒரு பழைய புரொஜெக்டர் இருந்தது. என் மகன் விட்டுச்சென்ற மடிக்கணினியும் இருந்தது. போனை நேராகப் புரொஜெக்டரில் செருகலாம் என்று பார்த்தால், 12,000 ரூபாய் போனின் டைப்-சி துளையிலிருந்து படம் வெளியே வராது. விலையுயர்ந்த சில போன்களில்தான் அந்த வசதி இருக்கிறது. ஆக, போனிலிருந்து கணினிக்கு, கணினியிலிருந்து சுவருக்கு என்று இரண்டு தாவலாகத்தான் போக வேண்டியிருந்தது.

முதலில், இலவசம் என்று சொல்லிக்கொண்ட இரண்டு செயலிகளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்று 10 நிமிடம் ஆனதும் பணம் கேட்டு நின்றுவிட்டது. இன்னொன்று திரையின் நடுவில் தன் பெயரைக் குறுக்காக எழுதிவைத்தது. போதாததற்கு, பாடத்தின் நடுவே ஒரு சீட்டாட்ட விளம்பரம் சுவர் முழுக்க விரிந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. விண்டோஸிலேயே வயர்லெஸ் டிஸ்ப்ளே என்று ஒரு கூடுதல் வசதி இருக்கிறது. கேபிள் இல்லாமல் போன் திரையை வாங்கிக் காட்டும். அதற்குப் போனிலும் மிராகாஸ்ட் என்ற, கேபிளில்லாமல் திரையை அனுப்பும் வசதி இருக்க வேண்டும், கணினியின் வைஃபை அட்டையும் ஒத்துழைக்க வேண்டும். என் மடிக்கணினி ஒத்துழைக்கவில்லை.

பிறகுதான் மகன் தொலைபேசியில் அந்தப் பெயரைச் சொன்னான். எழுதிக்கொள்ளச் சொல்லி எழுத்தெழுத்தாகச் சொன்னான்: எஸ், சி, ஆர், சி, பி, ஒய் (scrcpy). உயிரெழுத்தே இல்லாத பெயர். வாயில் வைத்தால் பல் உடையும். "ஸ்க்ரீன் காப்பி என்று படிக்க வேண்டும் அம்மா" என்றான். பிரான்சைச் சேர்ந்த ஜெனிமொபைல் நிறுவனத்தில் ரொமைன் விமோன் என்ற நிரலாளர் எழுதி 2018இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது; அதாவது, அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். சி என்ற நிரல் மொழியில் எழுத்துச் சரத்தைப் பிரதியெடுக்கும் கட்டளை ஒன்றின் பெயரைத் திருகித் திரைக்கு வைத்திருக்கிறார்கள். உச்சரிக்க முடியாத பெயராக வை என்று சக ஊழியர் ஒருவர் விட்ட சவாலும் அதன் பின்னால் இருக்கிறது. ஜெயித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, கணக்குத் தொடங்கச் சொல்வது கிடையாது. நிரலாளர்கள் தங்கள் மென்பொருளை வெளியிடும் கிட்ஹப் தளத்தில் அந்தத் திட்டத்தின் பக்கத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். இதே பெயரை வைத்துக்கொண்டு வேறு தளங்களும் இருக்கின்றன, அங்கே போகாதீர்கள் என்று எழுதியவர்களே எச்சரித்திருக்கிறார்கள். விண்டோஸுக்கு ஒரு ஜிப் கோப்பு வரும். அதை விரித்து, உள்ளே இருக்கும் நிரலை இரண்டு முறை கிளிக் செய்தால் போதும், கணினியில் நிறுவ வேண்டிய வேலை இல்லை.

வேலை எல்லாம் போன் பக்கம்தான். இதில் பலர் முதல் நாளே கைகழுவிவிடுவார்கள் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். போனின் அமைப்புகளில் "போனைப் பற்றி" என்ற பகுதிக்குப் போய், பில்ட் நம்பர் என்ற வரியை 7 முறை தட்ட வேண்டும். தட்டினேன். "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்றது, அதாவது மென்பொருள் எழுதுகிறவர். ஆயுள் முழுக்கத் துறைத் தேர்வு எழுதியும் வராத பதவி உயர்வு ஏழு தட்டில் வந்தது. அதன்பின் புதிதாக முளைக்கும் டெவலப்பர் பகுதியில் யூஎஸ்பி டீபக்கிங் என்பதை, அதாவது கேபிள் வழியாகக் கணினி போனுக்குக் கட்டளையிட விடும் வசதியை, திறந்துவிட வேண்டும். கேபிளைச் செருகியதும், இந்தக் கணினியை அனுமதிக்கலாமா என்று போன் கேட்கும். சரி என்று தொட வேண்டும். சில நிறுவனங்களின் போன்களில் இதோடு முடியாது. டீபக்கிங்கின் அடியிலேயே பாதுகாப்பு அமைப்பு என்று இன்னொரு சுவிட்ச் இருக்கும். அதையும் போட்டுப் போனை அணைத்துத் திறந்தால்தான் மவுஸும் விசைப்பலகையும் வேலை செய்யும். அதுவரை படம் மட்டும் தெரியும், தொட்டால் அசையாது.

எல்லாம் செய்தும் எனக்கு ஒன்றும் வரவில்லை. போன் எதுவும் இணைக்கப்படவில்லை என்றே கணினி சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி கேபிள். பஸ் நிலையத்துக்கு வெளியே 60 ரூபாய்க்கு வாங்கியது. அதில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டும் இருந்தன, தகவல் போகும் கம்பிகள் இல்லை. சார்ஜ் ஏறும், பேச்சு போகாது. வாழ்க்கையின் பாதியை இணைப்புக் கம்பி செருகியே கழித்த எனக்கு இது முதலில் தோன்றியிருக்க வேண்டாமா? மறுநாள் 250 ரூபாய் கொடுத்து இரண்டு மீட்டர் கேபிள் வாங்கினேன். செருகி ஒரு மூச்சு விடுவதற்குள் என் போன் கணினித் திரையில் வந்து நின்றது.

அந்த வேகத்தைச் சொல்லியே ஆக வேண்டும். விரலால் தள்ளினால் அந்தத் தள்ளல் சுவரிலும் அப்போதே நடக்கிறது. தாமதம் 35 முதல் 70 மில்லி விநாடி என்று எழுதியவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். என் கண்ணுக்குத் தாமதமே தெரியவில்லை. இது போனில் எந்தச் செயலியையும் நிறுவுவதில்லை. கேபிள் வழியாக ஒரு சின்ன நிரலைத் தற்காலிக இடத்துக்கு அனுப்புகிறது. போனே தன் திரையை வீடியோவாகச் சுருக்கித் தருகிறது, கணினி அதை விரித்துக் காட்டுகிறது. ஜன்னலை மூடியதும் அந்த நிரலும் போய்விடுகிறது. விருந்தாளி இலையை எடுத்துப் போட்டுவிட்டுப் போவது மாதிரி. என் பழைய மடிக்கணினி முதலில் கொஞ்சம் திணறியது. கிளிக் செய்வதற்குப் பதில் நிரலின் பெயரைக் கட்டளையாக எழுதியும் இதை ஓட்டலாம். அந்தக் கட்டளையில் படத்தின் அளவைக் குறைக்க மேக்ஸ் சைஸ் என்று சேர்த்து 1024 என்று கொடுத்ததும் மூச்சு சீரானது. கறுப்பு ஜன்னலில் கட்டளை எழுதுவதா என்று பயப்படுகிறவர்களுக்கு: மகனோ பேத்தியோ ஒருமுறை எழுதி ஒரு கோப்பாகச் சேமித்துக் கொடுத்துவிட்டால், பிறகு அதைக் கிளிக் செய்வதோடு சரி.

கணினியிலிருந்தே போனை ஆட்டுவிக்கலாம். மவுஸின் வலது பொத்தான் பின்னால் போகும், நடுச்சக்கரத்தை அழுத்தினால் முகப்புக்கு வரும். ஆல்ட் விசையோடு எஃப் அழுத்தினால் முழுத்திரை. ஆல்ட்டோடு ஓ அழுத்தினால் போனின் சொந்தத் திரை அணைந்துவிடும், சுவரில் மட்டும் ஓடும். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குமேல் என்றால் ஒலியும் கணினிக்கு வந்துவிடும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து இந்த வசதி. ஓய்வூதியச் சீட்டின் பிடிஎஃப் கோப்பை ஜன்னலுக்குள் இழுத்துப் போட்டால் போனின் டவுன்லோட் உறைக்குப் போய்ச் சேருகிறது.

ஆனால் நான் மவுஸை அதிகம் தொடுவதில்லை. காரணம், எனக்கு மிகவும் பிடித்த வசதி வேறு. தொடுமிடத்தைக் காட்டு என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு என் விரலால் போனைத் தொட்டால், சுவரில் அதே இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றுகிறது. மவுஸால் கிளிக் செய்தால் புள்ளி வராது, உண்மையான விரலுக்குத்தான் வரும். அந்தப் புள்ளி வந்த நாளிலிருந்து "எந்தப் பச்சை?" என்ற கேள்வி என் வகுப்பில் இல்லை. எவ்வளவு நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், எங்கே சும்மா தொட்டால் போதும் என்பதைச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாட்டைப் புள்ளி பேசாமலே செய்துவிடுகிறது. தலைமையாசிரியர் முன்வரிசையிலிருந்து மூன்றாம் வரிசைக்குத் தானாகவே மாறிக்கொண்டார்.

தமிழில் தட்டச்சு செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. வழக்கமான அமைப்பில், கணினி விசைப்பலகையிலிருந்து ஆங்கில எழுத்துகள்தான் போனுக்குப் போகும். தமிழ் எழுத்து போகாது. ஆண்ட்ராய்டு அந்த வழியில் வாங்கிக்கொள்ளும் எழுத்துகள் அவ்வளவுதான். நோட்பேடில் தமிழில் எழுதிப் பிரதியெடுத்து, ஜன்னலில் கண்ட்ரோல் வி அழுத்தி ஒட்டினால் அட்சரம் பிசகாமல் போகிறது. நீளமான கடிதத்துக்கு அது போதும். வகுப்பில் நான் அப்படிச் செய்வதில்லை. போனின் தமிழ் விசைப்பலகையிலேயே விரலால் தட்டுகிறேன். க-வுக்குப் பின் புள்ளி எங்கே, ஔ எங்கே ஒளிந்திருக்கிறது என்று எல்லோரும் சுவரில் தேடுகிறார்கள். ஔ-வை முதலில் கண்டுபிடித்தவர் 81 வயதுக்காரர்.

திரை சுவருக்குப் போகிறது என்றால் எல்லாமே போகிறது என்று பொருள். இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வடையால். வகுப்பு நடக்கும் கூடத்தின் செயலாளர் சில வாரம் எல்லோருக்கும் வடை வாங்கித் தருவார், சில வாரம் மறந்துவிடுவார். ரயில் டிக்கெட் எடுப்பதைக் காட்டிக்கொண்டிருந்தபோது மேலிருந்து ஒரு அறிவிப்பு இறங்கியது. என் தங்கை. "உங்கள் கஞ்சச் செயலாளர் இன்றாவது வடை வாங்கினாரா?" மூன்றடி அகலத்தில், தெளிவான தமிழில். செயலாளர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதிலிருந்து, கேபிளைச் செருகுவதற்கு முன் "தொந்தரவு செய்ய வேண்டாம்" என்ற அமைப்பைப் போடாமல் நான் வகுப்பைத் தொடங்குவதில்லை. (அதன்பின் வடை ஒரு வாரமும் தவறவில்லை என்பது வேறு கதை.)

வங்கிச் செயலியைத் திறந்தால் சுவர் கறுத்துவிடும். முதல் முறை எல்லோரும் "படம் போய்விட்டது" என்றார்கள். போகவில்லை, தன் திரையை யாரும் பிரதியெடுக்கக் கூடாது என்று செயலியே மூடிக்கொள்கிறது. ஸ்க்ரீன்ஷாட் எடுக்க விடாததும் இதே பூட்டுதான். சில வங்கிச் செயலிகள் டீபக்கிங் திறந்திருந்தால் உள்ளே விடவே மறுக்கும். பணம் அனுப்பக் கற்றுக்கொடுக்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். ஆனாலும் இதை நான் குறையாக எழுத மாட்டேன். அன்று ஒரு அம்மாள் எழுந்து, "திரையைப் பகிரச் சொல்லிப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள் என்கிறார்களே, இதுவும் அதுதானே?" என்று கேட்டார். அந்த மாத வகுப்புகளிலேயே நல்ல கேள்வி. தூரத்திலிருந்து போனைப் பார்க்கும் செயலிகளைப் போடச்சொல்லி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே வங்கிகளை எச்சரித்திருக்கிறது. "இங்கே போன் என் கையில், கேபிள் என் கையில், கணினி என் மேஜையில். அங்கே மறுமுனையில் யார் என்று உங்களுக்குத் தெரியாது" என்றேன். பிறகு எல்லோரும் பார்க்கவே கேபிளைப் பிடுங்கினேன். சுவர் வெறுமையானது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

இதனால்தான் வைஃபை வழியாகவும் இதை இணைக்கலாம் என்று தெரிந்தும் நான் கேபிளை விடவில்லை. ஒரே வைஃபையில் போனும் கணினியும் இருந்தால் அப்படியும் ஓடும்; வீட்டில் ஓட்டிப் பார்த்தேன், அவ்வப்போது படம் இழுத்தது. வகுப்பு முடிந்ததும் டீபக்கிங்கை அணைத்துவிடுகிறேன். அதைத் திறந்தபடியே போனை எவரிடமும் கொடுக்கக் கூடாது.

இரண்டு பேருக்கு இந்த மென்பொருள் பயன்படாது. ஒருவர், ஐபோன்காரர். எங்கள் வகுப்பில் மகன் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஐபோனோடு ஒருவர் இருக்கிறார். இது ஆண்ட்ராய்டுக்கு மட்டும். மேக் கணினி இருந்தால் கேபிள் போட்டுக் குயிக்டைமிலேயே ஐபோன் திரையைப் பார்க்கலாம், 2014இலிருந்தே அந்த வசதி இருக்கிறது. மற்றவர், போனைக் கீழே போட்டுத் திரையை உடைத்துக்கொண்டு, உள்ளேயிருக்கும் படங்களை எடுக்க இதைத் தேடி வருகிறவர். டீபக்கிங்கை முன்னமே திறந்து அந்தக் கணினிக்கு அனுமதி கொடுத்திருந்தால் தப்பித்தார். இல்லையென்றால் அனுமதி கேட்கும் பெட்டி உடைந்த திரைக்குப் பின்னால்தான் வரும்.

நவம்பர் மாதம்தான் எங்களுக்குத் திருவிழா. வருடாந்திர உயிர்வாழ் சான்றிதழ். முகத்தைக் காட்டியே அதைப் போனில் எடுக்கும் வசதி 2021இலிருந்து இருக்கிறது. ஆனாலும் வங்கி வாசலில் வரிசை குறையவில்லை, ஏனென்றால் எப்படி என்று யாரும் காட்டுவதில்லை. செயலியை எங்கிருந்து இறக்குவது, எந்தப் பக்கத்தில் எதைத் தொடுவது என்று போன முறை சுவரில் புள்ளி வைத்துக் காட்டினேன். ஆதார் எண்ணும் ஓய்வூதிய எண்ணும் எழுதும் இடம் வந்ததும் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மீதியை அவரவர் போனில் செய்யவைத்தேன். வராதவர்களுக்காக அந்த முதல் பாதியை இதே மென்பொருளில் வீடியோவாகப் பதிவு செய்து அனுப்பினேன். அதற்கும் தனிச் செயலி வேண்டாம், கட்டளையில் ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்தால் போதும்.

மொத்தச் செலவு கேபிளுக்குக் கொடுத்த 250 ரூபாய். அதை மற்ற கேபிள்களோடு கலந்துவிடாமலிருக்கச் சிவப்பு நூல் கட்டி வைத்திருந்தேன். போன சனிக்கிழமை யாரோ சார்ஜ் போடுவதற்காக அதை எடுத்துப் போய்விட்டார்கள். தலைமையாசிரியர் மேல்தான் சந்தேகம்.