காலி பெயின்ட் வாளி: தக்காளிக்குச் சரி, கீரைக்கு வீண்

வீட்டில் மிஞ்சும் டப்பாக்களில் காய்கறி வளர்க்க 20 லிட்டர் பெயின்ட் வாளிதான் என் முதல் தேர்வு. தக்காளி, கத்தரி என்றால் வாளிக்கு ஒரே செடி. இரண்டு நட்டால் இரண்டுமே சவலை. கீரைக்கு இவ்வளவு ஆழம் வீண், அகலமான பழைய டப் போதும்.

தண்ணீரில் கரையும் எமல்ஷன் இருந்த வாளியை மட்டும் எடுங்கள். காய்ந்த பெயின்டை உரித்துக் கழுவுங்கள். தின்னர், பூச்சிமருந்து இருந்தவை வேண்டவே வேண்டாம்.

ஓட்டையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 8 மி.மீ. டிரில் பிட்டால் அடியில் ஐந்தாறு, அடியிலிருந்து 2 செ.மீ. மேலே பக்கவாட்டில் மூன்று நான்கு போடுங்கள். தரையோடு ஒட்டி அடி ஓட்டை அடைபட்டாலும் பக்க ஓட்டை வடித்துவிடும். ஆணியைக் காய்ச்சிக் குத்தினால் புகை நாற்றம்தான் மிச்சம். சின்ன ஓட்டையை வேர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது தப்பு. ஈரம் ஜல்லிக்கு மேலே மண்ணிலேயே தேங்கும், வேருக்கு இடமும் குறையும்.

பெரிய குறை கைப்பிடி. ஈரமண்ணோடு வாளி 20 கிலோவைத் தாண்டும். வெயிலில் மொறுமொறுப்பான காது, அதாவது கைப்பிடி மாட்டும் இடம், பிய்ந்துவிடும். இடத்தில் வைத்த பிறகே மண் நிரப்புங்கள், நகர்த்த வேண்டுமானால் அடியைப் பிடியுங்கள்.