நேரத்தைத் தனியே எடுக்க எந்த முறை?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். இயக்கச் சமன்பாட்டிலிருந்து நேரத்தைத் தனியே எடுக்க இத்தனை நாள் இருபடிச் சமன்பாட்டுக்கான சூத்திர முறையைத்தான் நடத்தினேன். இந்த ஆண்டு வர்க்கப் பூர்த்திக்கு, அதாவது ஒரு பக்கத்தை முழு வர்க்கமாக்கித் தீர்க்கும் முறைக்கு, மாறிவிட்டேன்.

தொலைவு = தொடக்க வேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²

காரணிப்படுத்தல் நல்ல எண்கள் அமைந்தால் மட்டும்தான். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்த பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்றால் 1, 3 நொடி எனச் சட்டென்று வந்துவிடும். 9.8 என்றால் வராது. வெறும் எழுத்துகள் என்றால் பேச்சே இல்லை.

சூத்திரம் எல்லாவற்றுக்கும் செல்லும். ஆனால் முடுக்கமும் 'ஏ', சூத்திரத்தின் முதல் கெழுவும் (வர்க்க உறுப்பைப் பெருக்கும் எண்) 'ஏ'. இங்கே அந்தக் கெழு முடுக்கத்தில் பாதி. தொலைவை மறுபக்கம் கொண்டுபோகும்போது குறி மாற வேண்டும். நோட்டுகளைத் திருத்தினால் தப்பு பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

வர்க்கப் பூர்த்தியில் நான் எடுப்பது பழைய இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் வழி. பின்னால் வந்த கணித அறிஞர் இரண்டாம் பாஸ்கரர் அவர் பெயரைச் சொல்லியே எடுத்துக்காட்டும் வழி. வர்க்க உறுப்பின் கெழுவை நான்கு மடங்காக்கி இருபுறமும் பெருக்க வேண்டும். அப்புறம் நடு உறுப்பின் கெழுவை வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். நம் கெழு முடுக்கத்தில் பாதி என்பதால், பெருக்குவது 2 × முடுக்கம். பின்னம் அங்கேயே ஒழிந்தது. கூட்டுவது தொடக்க வேகம்².

தொடக்க வேகம்² + 2 × முடுக்கம் × தொலைவு = (தொடக்க வேகம் + முடுக்கம் × நேரம்)²

இதைப் பலகையில் எழுதி நிறுத்தினேன். "சார், அடைப்புக்குள்ள இருக்கிறது இறுதி வேகம்தானே? அப்போ இது மூணாவது சமன்பாடு!" என்றாள் ஒரு மாணவி. இறுதி வேகம்² = தொடக்க வேகம்² + 2 × முடுக்கம் × தொலைவு என்பதைத்தான் சொன்னாள். என்னை மாற வைத்தது இதுதான். சூத்திரத்திலும் வர்க்கமூலத்துக்குள் இதே கோவைதான் வருகிறது, ஆனால் அங்கே யாரும் நின்று பார்ப்பதில்லை. இங்கே ஒவ்வொரு வரிக்கும் பொருள் இருக்கிறது. அதே பந்துக்கு, ஈர்ப்பு கீழ்நோக்கி இருப்பதால், முடுக்கம் −9.8 எனப் போட்டால் இறுதி வேகம் ±√106, அதாவது சுமார் ±10.3. கூட்டல் குறி மேலே போகும்போது, கழித்தல் குறி கீழே வரும்போது. நேரம் சுமார் 0.99, 3.09 நொடி. ஒரு விடையைக் காரணம் தெரியாமல் அடித்துவிடும் பழக்கமும் இதனால் குறைகிறது.

கெழுக்களே நீளநீளமான கோவைகளாக இருந்தால் நானும் சூத்திரத்துக்குத்தான் போவேன். போட்டித் தேர்வுக்குப் பயிற்சி கொடுத்ததில்லை. அந்த வேகத்துக்கு இந்த முறை ஈடுகொடுக்குமா என்பதை அங்கே நடத்துகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.