“போர்டு மாத்தியாச்சு மேடம்”: பழைய கம்ப்யூட்டரைக் கடையில் விடுகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

பர்கூரில் துணிக்கடைகளுக்கு நடுவே பன்னிரண்டு வருஷத்துக்கும் மேலாக டைப்பிங், டிடிபி கடை வைத்திருக்கிறேன். துணிக்கடைகளுக்கு பில் புக், கல்யாணப் பத்திரிகை மேட்டர், மனு, ஜெராக்ஸ், இதுதான் பிழைப்பு. நெட் வேலைக்குத் தனியாக ஒரு லேப்டாப் உண்டு. ஆனால் சோறு போடுவது 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப்தான். இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசசர், எச்61 போர்டு (எல்லாப் பாகமும் வந்து சேர்கிற மதர்போர்டு), 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ராம் இரண்டு, விண்டோஸ் 7. “இன்னுமா இதை வச்சிருக்கீங்க?” என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: பேஜ்மேக்கர் 7. அது 2001-ல் வந்த, பக்கம் வடிவமைக்கிற சாஃப்ட்வேர். என் பழைய ஃபைல் எல்லாம் அதில், பழைய தமிழ் ஃபான்ட்டில் கிடக்கிறது. போதாததற்கு, போர்டின் பின்பக்கம் ரோஸ் கலரில் பிரிண்டர் போர்ட் இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதில்தான் ஓடுகிறது.

மாசி மாதம், முகூர்த்த சீசன். அப்போது பார்த்து இரண்டு கோளாறு வந்தது. ஒன்று, தினமும் காலையில் ஆன் செய்தால் தேதி 2011 ஜனவரி 1 என்று நிற்கும், எஃப்1 அமுக்கினால்தான் மேலே போகும். இன்னொன்று, பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடிவிட்டுத் தானாக அணைந்துவிடும். உடனே ஆன் செய்தால் இரண்டே நிமிஷத்தில் மறுபடி அணையும். அரை மணி விட்டுவிட்டு ஆன் செய்தால் மறுபடி பத்து நிமிஷம் ஓடும்.

விஷயம் தெரிந்தவர்களுக்கு இதைப் படித்ததுமே என்ன வியாதி என்று புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. ஆட்டோவில் ஏற்றி கிருஷ்ணகிரி கொண்டுபோனேன். ரவுண்டானாவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கடை. பெயர் சொல்லப்போவதில்லை, கமென்டில் கேட்காதீர்கள். புகார் நடந்துகொண்டிருக்கிறது.

கடைக்காரர் சைடு கவரைக் கழற்றவே இல்லை. நான் சொன்னதைக் கேட்டார், ஆன் செய்தார், ஐந்து நிமிஷம் வேறொருவரிடம் பேசிக்கொண்டிருந்தார், அணைந்ததும் தலையை ஆட்டினார்.

“போர்டு போயிடுச்சு மேடம். இதெல்லாம் ஆயுசு முடிஞ்ச செட். விண்டோஸ் 10-ஏ நின்னுபோச்சு, நீங்க 7 வச்சிருக்கீங்க. இருபத்தெட்டு ரூபாய்க்குப் புது செட் போட்டுத் தர்றேன்.”

இருபத்தெட்டு என்றால் இருபத்தெட்டாயிரம். (இந்த ‘நின்னுபோச்சு’ பேச்சு இப்போது எல்லாக் கடையிலும் ஓடுகிறது. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது உண்மை. அதற்காகக் கம்ப்யூட்டர் மறுநாளே அணைந்துவிடாது. நெட்டில் கோத்துவிட்டு பேங்க் வேலை பார்த்தால் ஆபத்து, அவ்வளவுதான். என் செட்டுக்கு நெட் கேபிளே கிடையாது.)

புதுசு வேண்டாம், இதையே சரி செய்யுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்து போன். “போர்டு மாத்தியாச்சு மேடம். ஹார்ட் டிஸ்க்கும் பேட் செக்டார், அதையும் மாத்திட்டோம்.” (பேட் செக்டார் என்றால் டிஸ்க்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடம்.) போர்டு 4,800, டிஸ்க் 1,900, சாஃப்ட்வேர் போட 500, மொத்தம் 7,200 ரூபாய். கேட்காமல் டிஸ்க்கை எப்படி மாற்றலாம் என்று சத்தம் போட்டேன். “டேட்டா வேணும்னா ரெக்கவரிக்குத் தனியா ஆறாயிரம் ஆகும்” என்றார். பழைய டிஸ்க்கைக் கேட்டேன். கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். பழைய போர்டையாவது கொடுங்கள் என்று பிடிவாதம் பிடித்ததும், உள்ளே போய் பபிள் கவரில் சுற்றிய ஒரு போர்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ரசீது என்று கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு. பத்திரிகை வேலை தலைக்கு மேல் கிடந்தது, பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். என் முட்டாள்தனம் அதுதான்.

தேதிப் பிரச்சினை சரியாகியிருந்தது. ஆனால் அன்று மத்தியானமே செட் அணைந்தது. பழையபடி, அதே பதினைந்து நிமிஷம். போன் செய்தால், “அப்போ எஸ்எம்பிஎஸ் மேடம், 1,100 ஆகும், கொண்டு வாங்க.” (எஸ்எம்பிஎஸ் என்றால் செட்டுக்குள் கரண்ட் கொடுக்கிற பெட்டி.)

அன்றைக்குச் சாயங்காலம் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க, இங்கே இருக்கிற அரசு பொறியியல் கல்லூரித் தம்பி ஒருவர் வந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, “அக்கா, நான் ஒரு தடவை தொறந்து பார்க்கட்டுமா?” என்றார். கரண்ட் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அமுக்கிவிட்டு, சைடு கவரைக் கழற்றினார்.

பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகள் (ஹீட்சிங்க்) இருக்குமே, அது கண்ணுக்கே தெரியவில்லை. ஃபேனைக் கழற்றியதும் அடியில் வட்டமாக ஒரு துணி. நிஜமாகவே துணிதான். எதிர்க்கடை, பக்கத்துக்கடைகளில் நாள் முழுக்கப் பிரித்து உதறி மடிக்கிற சேலையிலிருந்து பறந்த பிசிறெல்லாம் வருஷக்கணக்கில் இழுக்கப்பட்டு, நீலமும் சாம்பலும் கலந்த கம்பளி மாதிரிப் படிந்திருந்தது. நகத்தால் ஓரத்தை நெம்பினால் அப்பளம் போல முழுசாகக் கழன்று வந்தது. குட்டி சூரத் என்று ஊருக்குப் பேர் இருந்தால் கம்ப்யூட்டருக்குள்ளும் துணி இருக்கத்தான் செய்யும் போல.

காற்று புகாததால் பிராசசர் கொதித்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. கழற்றும் முன்பே பயாஸுக்குள் (விண்டோஸ் வரும் முன் திறக்கிற செட்டிங்ஸ் திரை) போய் வெப்பநிலையைக் காட்டினார். ஒரு வேலையும் செய்யாமல் 88 டிகிரி, கண் முன்னாலேயே ஏறிக்கொண்டிருந்தது.

அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பி கேட்டதுதான் என்னை உலுக்கியது. “போர்டு மாத்தினாங்கன்னா ஃபேன், ஹீட்சிங்க் எல்லாம் கழட்டி, பழைய பேஸ்ட்டைத் துடைச்சு, புதுப் பேஸ்ட் வச்சுத்தானேக்கா மாட்டணும்? இதை யாரும் தொடவே இல்லையே.”

ஹீட்சிங்க்கைத் தூக்கினார். பிராசசர் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்துகிற பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரிப் பொடியாக உதிர்ந்தது. 2012-ல் கம்பெனியில் வைத்த பேஸ்ட்டாகத்தான் இருக்கும்.

நல்லவேளை, பழைய காகிதத்தைத் தூக்கிப்போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. 2012-ல் செட் வாங்கிய பில்லை ஃபைலில் தேடி எடுத்தேன். அதில் போர்டு, டிஸ்க் இரண்டின் சீரியல் நம்பரும் பேனாவில் எழுதியிருந்தது. செட்டுக்குள் இருக்கும் போர்டின் ஸ்டிக்கரோடு ஒப்பிட்டோம். கடைசி எழுத்து வரை அதே நம்பர். 4,800 ரூபாய் வாங்கிக்கொண்டு என் போர்டையே எனக்குத் திருப்பி விற்றிருக்கிறார்கள்.

அப்படியென்றால் பபிள் கவரில் கொடுத்தது? பிரித்தோம். தூசியே இல்லை, ரோஸ் கலர் பிரிண்டர் போர்ட்டும் இல்லை. நடுவில் ஜி41 என்று அச்சடித்திருந்தது. “இது அதுக்கும் முந்தின தலைமுறைக்கா, 775 சாக்கெட். உங்க பிராசசர் 1155. இதுல உக்காரவே உக்காராது” என்றார் தம்பி. எவருடைய வீட்டுக் குப்பையோ.

டிஸ்க் கதை இன்னும் மோசம். என்னுடையது நீல லேபிள். இப்போது உள்ளே இருப்பது ஊதா லேபிள். டபிள்யூடி பர்ப்பிள், சிசிடிவி ரெக்கார்டருக்கென்றே வருகிற ரகம். பென் டிரைவில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கொண்டுவந்து ஓட்டினார். டிஸ்க் ஓடிய நேரம் 34,212 மணி. வருஷத்துக்கு 8,760 மணி நேரம் என்று கணக்குப் போட்டால் ராத்திரி பகலாக ஏறக்குறைய நாலு வருஷம். ஆன் செய்யப்பட்ட தடவையோ வெறும் 61. எங்கோ ஒரு கடைச் சுவரில் கேமராவுக்கு நிற்காமல் உழைத்த டிஸ்க்கை ‘புதுசு’ என்று 1,900-க்குத் தள்ளியிருக்கிறார்கள். போதாததற்கு, இரண்டு ராமில் ஒன்று காணாமல் போயிருந்தது.

7,200 ரூபாய்க்கு அவர்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று. சிஆர்2032 செல்லை மாற்றியிருந்தார்கள். போர்டில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக வட்டமாக இருக்கும் 3 வோல்ட் செல் அது. அது தீர்ந்தால்தான் தேதி பின்னால் ஓடும். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். நாமே மாற்றிக்கொள்ளலாம்.

தம்பி மல்டிமீட்டர் கொண்டுவந்து எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்த்தார். மஞ்சள் வயரில் 12.1 வந்தது. 11.4-லிருந்து 12.6 வரை இருந்தால் குறையில்லையாம். அந்த 1,100-ம் பிழைத்தது. பிரஷ், ப்ளோயர் போட்டுச் சுத்தம் செய்து, துவரம்பருப்பு அளவு பேஸ்ட் வைத்து மாட்டினார். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளச் சொன்னார், கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும் என்று. இப்போது நாள் முழுக்க ஓடினாலும் 50-ஐத் தாண்டவில்லை. பேஸ்ட் ட்யூப் 150 ரூபாய்.

மறுநாள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஏ4 கலர் பிரிண்ட் போட்டு (நம்ம கடைதானே) கிருஷ்ணகிரி போனேன். முதலில், “பையன் சீட்டு மாத்தி எழுதிட்டான்.” அப்புறம், “எங்க வேணா போங்க மேடம். நீங்க கடை நடத்துறவங்க, கன்ஸ்யூமர் கோர்ட் உங்களுக்கு வராது.”

இந்த இடத்தில் பயந்து திரும்பிவிடாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அந்தப் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாக எடுக்கக்கூடாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. விற்ற பொருளுக்கு, செய்த வேலைக்கு பில் தராததே அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதிந்தேன். கூடவே கடைக்கு எல்லா விவரத்தோடும் ஒரு கடிதம் டைப் செய்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். ‘எஸ்டிமேட்’ சீட்டைக் கிழிக்காமல் வைத்திருந்தது அப்போதுதான் உதவியது. அவர் கையெழுத்தில் ‘போர்டு – 4,800’ என்று அதில் தெளிவாக இருக்கிறது.

பத்து நாள் கழித்து 4,800 ஜிபேயில் வந்தது. ஒரு ராமை பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். என்னுடையதா என்று தெரியாது, வேலை செய்கிறது. டிஸ்க் மட்டும் வரவில்லை.

பணத்தைவிட எனக்குத் தூக்கம் கெடுவது அந்த டிஸ்க்கை நினைத்துத்தான். ஊர்க்காரர்களின் ஆதார் ஸ்கேன், பத்திர நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் செட்டை எங்கே கொடுத்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். இரண்டு வயர், நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான். போர்டு, எஸ்எம்பிஎஸ் கோளாறு பார்க்க அவர்களுக்கு அது தேவையே இல்லை. டிஸ்க்கைத்தான் பார்க்கவேண்டும் என்றால் பக்கத்திலேயே உட்காருங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 05, சி5 என்ற இரண்டு வரியிலும் (கெட்டுப்போன, சந்தேகத்துக்குரிய செக்டார்களின் எண்ணிக்கை) கடைசியில் வரும் எண் பூஜ்யமாக இருந்தால், ‘பேட் செக்டார்’ என்று சொல்பவரிடம் எங்கே என்று கேளுங்கள். கொடுக்கும் முன் சைடு கவரைக் கழற்றி, போர்டு, ராம், டிஸ்க் ஸ்டிக்கர் எல்லாம் படிக்கிற மாதிரி, கடைக்காரர் கண் முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முகம் மாறினால் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரிப் பக்கம் செகண்ட்ஸில் டிஸ்க் வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீல லேபிள், 500 ஜிபி. லேபிளின் வலது மூலையில் என் மகள் சின்ன வயதில் ஒட்டிய மாம்பழ ஸ்டிக்கர் பாதி கிழிந்து நிற்கும். உள்ளே ‘பத்திரிகை 2014’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதைத் திறக்காமல் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். நீங்கள் கொடுத்த விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.