ஆறு வயதுக் கைக்கு எந்த கேம் கருவி? ஒன்றரை வருடம் ஸ்விட்ச் லைட் வைத்திருந்த அனுபவம்

மகளுக்கு ஆறு வயது முடிந்தபோது அவளுக்கென்று ஒரு கையடக்க கேம் கருவி வாங்கலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். இப்போது அவளுக்கு ஏழரை. இதற்குள் இரண்டு கருவி வாங்கியாகிவிட்டது, ஒன்று குப்பைக்குப் போய்விட்டது, இன்னொன்று இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவது நிண்டெண்டோ ஸ்விட்ச் லைட். ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள், பெரும்பாலும் தனியாக விளையாடப் போகிற ஒரே ஒரு குழந்தைக்கு என்றால் யோசிக்காமல் இதை வாங்குங்கள் என்பேன். மற்றபடி யாருக்கு இது சரிப்பட்டு வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதைச் சொல்லாமல் விட்டதால்தான் என் தங்கை வீட்டில் தப்பான ஒன்றை வாங்க இருந்தார்கள்.

குப்பைக்குப் போன முதல் கருவி பெயர் தெரியாத மலிவு ரகம். உள்ளேயே நானூறு கேம், தனியாக எதுவும் வாங்க வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. திறந்து பார்த்தால் ஒரே கேம் நாலைந்து பெயரில் வருகிறது, மிச்சத்தில் பாதி சுடுவதும் வெட்டுவதும், வேண்டாததை மறைத்து வைக்கலாம் என்றால் அதற்கு வழியே கிடையாது. அதைவிடப் பெரிய குறை, விட்ட இடத்தை அது நினைவில் வைத்துக்கொள்ளாது. ஒருநாள் சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டி ஆறாவது லெவல் வரை போனவள், சாப்பிடக் கூப்பிட்டதும் சொன்ன பேச்சைக் கேட்டு அணைத்துவிட்டு வந்தாள். மறுநாள் ஆன் செய்தால் முதல் லெவல். கருவியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நேத்து நான் ஜெயிச்சதெல்லாம் எங்கப்பா போச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கூப்பிட்டதும் எழுந்து வந்ததற்கு அவளுக்குக் கிடைத்த பலன் அதுதான். மூன்றாவது மாதம் வலது பக்க பட்டன் உள்ளே போய் அப்படியே நின்றுவிட்டது, நான் சரி செய்யவும் போகவில்லை.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தேன். நமக்கு வாங்கும்போது திரை எப்படி, வேகம் எப்படி என்று பார்ப்போம். சின்னக் குழந்தைக்கு முதலில் பார்க்க வேண்டியது எடை. ஸ்விட்ச் லைட் சுமார் 275 கிராம், 5.5 அங்குலத் திரை. 2017-ல் வந்த சாதாரண ஸ்விட்ச், பக்கவாட்டில் கழற்றி மாட்டும் கைப்பிடிகளான ஜாய்கான்களையும் சேர்த்தால் 400 கிராமைத் தொட்டுவிடும். 2021-ல் வந்த ஓலெட் மாடல் 420 கிராம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2 இன்னும் பெரியது, 7.9 அங்குலத் திரையோடு 530 கிராமுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட இரண்டு லைட்டின் எடை. படிக்கும்போது இதெல்லாம் சும்மா எண்கள்தான். தங்கை வீட்டில் இருந்த பெரிய ஸ்விட்சை மகள் கையில் கொடுத்துப் பார்த்தபோது புரிந்தது. முதல் ஐந்து நிமிடம் நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தாள், அப்புறம் முழங்கை தளர்ந்து கருவி மடிக்கு இறங்கியது, கூடவே தலையும் கவிழ்ந்துவிட்டது, அரைமணி நேரம் அதே குனிந்த கழுத்து. லைட்டை இன்றுவரை அவள் தலையணை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு முகத்துக்கு நேராகப் பிடித்துத்தான் விளையாடுகிறாள்.

விரலையும் கவனியுங்கள். மேல் ஓரத்தில் ஆள்காட்டி விரலால் அழுத்தும் பட்டன்கள் இருக்கும், கட்டை விரல் ஸ்டிக்கில், அதாவது நகர்த்த உதவும் சின்னக் குச்சியில் இருக்கும்போதே அந்த விரல் அங்கே எட்ட வேண்டும். பெரிய கருவியில் அவளுக்கு எட்டவில்லை, ஒவ்வொரு முறையும் பிடியை மாற்றிப் பிடித்தாள். லைட்டில் எட்டுகிறது. இடது பக்கம் கூட்டல் குறி வடிவத்தில் ஒரே பட்டனாகக் கொடுத்திருப்பதும் சின்னக் கட்டை விரலுக்கு வசதி, சாதாரண ஸ்விட்சில் அந்த இடத்தில் நாலு தனித்தனி பட்டன் இருக்கும். கடையில் டெமோ வைத்திருந்தால் குழந்தையையே கூட்டிப்போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள், பத்து நிமிடம் பிடிக்கட்டும், எண்களைப் பார்த்துக் குழம்புவதைவிட அது மேல்.

லைட் முழுக்க ஒரே உடம்பு, எதையும் கழற்ற முடியாது. சோபா இடுக்கில் ஒரு ஜாய்கானைத் தேடும் வேலை நமக்கு இல்லை. ஆனால் இதே காரணத்தால் ஒரு நஷ்டமும் உண்டு. ஸ்டிக் தேய்ந்து, தொடாமலேயே கேமில் வரும் ஆள் ஒரு பக்கமாக நகரத் தொடங்கினால், மற்ற ஸ்விட்சில் அந்த ஜாய்கானை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், இதில் கருவி முழுவதையும் ரிப்பேருக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஸ்டிக்கைப் பிடித்துத் தூக்கக் கூடாது, விரலில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொடக் கூடாது, விளையாடி முடித்ததும் உறைக்குள் போக வேண்டும் என்று மூன்று விதி வைத்திருக்கிறோம், இதுவரை பிரச்சினை வரவில்லை. திரைக்கு ஒரு டெம்பர்ட் கிளாஸை முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

கேம் பதிந்து வரும் கார்டு தபால் தலை அளவுதான். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் கவலை வரும், எங்களுக்கும் வந்தது. அந்த கார்டின் மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்புப் பொருளைப் பூசித்தான் விற்கிறார்கள், குழந்தை வாயில் போட்டால் உடனே துப்பிவிடட்டும் என்று. எங்கள் இரண்டாவது பிள்ளை ஒருநாள் நக்கிப் பார்த்தான், முகம் அப்படியே சுருங்கி நாக்கை வெளியே நீட்டியபடி என்னிடம் ஓடி வந்தான். அதற்காகக் கார்டைத் தரையில் போட்டு வைக்காதீர்கள், கசந்தாலும் அது தொண்டையில் மாட்டும் அளவுதான். மூடியுள்ள ஒரு சின்ன கார்டு பெட்டி கட்டாயம்.

சரி, இந்தக் கருவியை நான் இவ்வளவு தூக்கிப் பேசக் காரணம், அதை நிறுத்துவது சுலபம் என்பதுதான். பவர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் தூங்கிவிடும், பாதி ஓட்டத்தில் இருந்தாலும் மறுபடி திறந்தால் அதே இடத்தில் நிற்கும். நேற்று ஜெயித்தது இன்றும் இருக்கும் என்று தெரிந்த பிறகு அவள் கருவியை மூடிவைப்பதில் பயமில்லாமல் போனது. பெற்றோர் கட்டுப்பாட்டுக்கு நிண்டெண்டோ ஒரு ஆப் கொடுத்திருக்கிறது, போனில் போட்டுக்கொண்டால் ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம், ராத்திரி எத்தனை மணிக்கு மேல் கூடாது, எந்த வயதுக்கு மேற்பட்ட கேம் திறக்கக் கூடாது என்பதையெல்லாம் அங்கிருந்தே வைக்கலாம், எந்த கேமை எவ்வளவு நேரம் ஆடினாள் என்றும் காட்டும். இரண்டு விஷயம் மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். நேரம் முடிந்தால் அது திரையில் அறிவிப்பு மட்டும்தான் காட்டும், கேமே நிற்க வேண்டும் என்றால் அதற்கான ஆப்ஷனைத் தனியாக ஆன் செய்ய வேண்டும். அப்புறம், அந்த நேரக் கணக்கு கருவிக்குத்தான், ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கிடையாது, ஒரே கருவியை இரண்டு பிள்ளைகள் பங்கு போட்டால் மூத்தது மொத்தத்தையும் தின்றுவிடும்.

நான் தானாக நிறுத்தும் ஆப்ஷனைப் போட்டுப் பார்த்து, ஒரு வாரத்தில் எடுத்துவிட்டேன். கார் பந்தய கேமில் கடைசி வளைவில் முதலாவதாக வந்துகொண்டிருக்கும்போது திரை மூடினால் ஆறு வயதுக்கு அது தாங்காது. இருபது நிமிடம் என்பதும் அந்த வயதில் ஒன்றும் புரியாத அளவு. அவள் ஆடும் பந்தய கேமான மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் ஒரு கப் என்றால் நாலு பந்தயம், பத்துப் பன்னிரண்டு நிமிடம் வரும். "இன்னைக்கு ரெண்டு கப்பு" என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தேன், அன்றிலிருந்து சண்டை பெருமளவு குறைந்துவிட்டது. இரண்டாவது கப் முடிந்து கோப்பை கொடுக்கிற காட்சியையும் பார்த்துவிட்டுத் தானே மூடுகிறாள்.

முதல் கேமாக மாரியோ கார்ட்டையே சொல்வேன். இதில் வண்டி தடத்தை விட்டு விழாமல் தானே திருப்பிக்கொள்ள ஒரு வசதியும், பட்டனை அழுத்தாமலே ஓட ஒரு வசதியும் இருக்கிறது, திருப்பும் வசதி ஆனில் இருந்தால் வண்டியின் பின்னால் ஒரு சின்ன ஆன்டெனா நிற்கும். முதல் நாளே கடைசியாக வராமல் ஓட்ட முடிந்தது அவளுக்கு. ஏழெட்டு மாதம் கழித்து ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன், வண்டியில் ஆன்டெனா இல்லை. எப்போது எடுத்தாய் என்றால், "அது இருந்தா குறுக்கு வழியில போக விடமாட்டேங்குதுப்பா" என்றாள். உண்மைதான், சில குறுக்கு வழிகளை அது தடுக்கும். ஆனால் அவளே அதைக் கண்டுபிடித்து, அமைப்பில் போய்த் தேடி எடுத்திருந்தாள் என்பது எனக்கு அன்றைக்கு முழுக்கப் பெருமையாக இருந்தது.

இந்த மாதிரித் தாங்கிப் பிடிக்கும் வசதி உள்ள கேமாகப் பார்த்து வாங்குங்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வொண்டரில் ஆட யோஷி அல்லது நாபிட் என்ற பாத்திரத்தை எடுத்தால் எதிரி தொட்டாலும் அடி படாது, பள்ளத்தில் விழுந்தால் மட்டும் போச்சு. சூப்பர் மாரியோ ஒடிசியில் அசிஸ்ட் மோட் போட்டால் போக வேண்டிய வழியை அம்புக்குறி காட்டும், உயிரும் கூடுதல். கிர்பி அண்ட் த ஃபர்காட்டன் லேண்டிலும் எளிய மோட் உண்டு. போக்கிமான், அனிமல் கிராசிங் இரண்டையும் எழுத்துக்கூட்டாமல் படிக்க வந்த பிறகு வாங்குங்கள், பக்கம் பக்கமாகப் பேச்சுப் பெட்டி வரும், தமிழும் கிடையாது, நீங்கள் கூடவே உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அட்டையில் வயதுக் குறி எப்படியும் இருக்கும், ஐரோப்பிய முறையான பெகியில் 3 அல்லது 7, இல்லையென்றால் அமெரிக்க முறையான ஈஎஸ்ஆர்பியின் ஈ. அது உள்ளடக்கம் அந்த வயதுக்கு ஏற்றதா என்பதை மட்டும்தான் சொல்கிறது, ஆடுவதற்குச் சுலபமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இலவச கேம் போனிலேயே இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். நடுவில் விளம்பரம், உயிர் தீர்ந்தால் காத்திரு அல்லது காசு கொடு, இப்படியேதான் அவற்றில் பல ஓடுகின்றன, எனக்கு அது ஒப்பவில்லை. ஸ்விட்சின் ஆன்லைன் கடையிலும் காசு போகும் வழி உண்டுதான், குழந்தைக்குத் தனிக் கணக்கு தொடங்கி நம் கணக்கின் கீழ் சேர்த்துவிட்டால் அது எதையும் வாங்க முடியாதபடி பூட்டிவிடலாம். பூட்டிவிடுங்கள்.

இப்போது, யாருக்கு லைட் வேண்டாம். இரண்டு பிள்ளைகள் சேர்ந்து விளையாட வேண்டும், டிவியில் போட வேண்டும் என்றால் வேண்டாம். லைட் டிவியில் இணையாது. கையில் பிடித்தபடி ஆட முடியாத கேம்களுக்கு, உதாரணத்துக்கு 2018-ல் வந்த சூப்பர் மாரியோ பார்ட்டிக்கு, ஜாய்கானைத் தனியாக வாங்கிக் கருவியை எங்கேயாவது சாய்த்து வைக்க வேண்டும், இதற்கு நிறுத்தும் காலும் கிடையாது. தங்கைக்கு இரட்டைப் பிள்ளைகள், அவள் லைட் வாங்கப் போனதைத்தான் கடைசி நேரத்தில் தடுத்தேன், சாதாரண ஸ்விட்ச் வாங்கினாள். ஸ்விட்ச் 2 பழைய கேம்களில் பெரும்பாலானவற்றை ஓட்டும், பத்து வயதுக்கு மேல் என்றால் அதைப் பாருங்கள். அதில் சில கேம்களின் கார்டில் சாவி மட்டும்தான் இருக்கும், கேமை டவுன்லோடு செய்தாக வேண்டும், மெமரி கார்டும் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் ரகமே வேண்டும். ஸ்டீம் டெக் என்ற இன்னொரு கையடக்கக் கருவி 640 கிராமுக்குக் குறையாது, சின்னக் குழந்தைக்குப் பேச்சே வேண்டாம். நாலு வயதுக்கு எது என்று கேட்டால் எதுவும் வேண்டாம் என்பேன், 2019-ல் உலக சுகாதார நிறுவனம் இரண்டிலிருந்து நாலு வயது வரை திரை முன் உட்காரும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றுதான் சொல்லியிருக்கிறது.

சொந்தக்காரர் வீட்டில் பழைய நிண்டெண்டோ 2டிஎஸ் சும்மா கிடந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். 2013-ல் குழந்தைகளை மனதில் வைத்தே மடிக்கும் கீல் இல்லாமல் செய்தார்கள், அதற்கு முந்தைய 3டிஎஸ் கருவியில் இருந்த, சின்னக் கண்ணுக்கு ஆகாத முப்பரிமாணத் திரையையும் எடுத்துவிட்டார்கள், 260 கிராம்தான். 2023 மார்ச்சில் அதன் ஆன்லைன் கடையை மூடிவிட்டதால் புதிதாக டவுன்லோடு வாங்க முடியாது, கார்டு போட்டால் ஓடும்.

லைட்டையும் செகண்ட் ஹேண்டில் வாங்கலாம், எங்களுடையதே அப்படி வாங்கியதுதான். காசு கொடுப்பதற்கு முன் சிஸ்டம் செட்டிங்ஸில் ஸ்டிக் சரிபார்க்கும் பக்கத்தைத் திறந்து, ஸ்டிக்கைச் சுழற்றிவிட்டு விரலை எடுங்கள், புள்ளி நடுவுக்கு வந்து அசையாமல் நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் இப்படிப் பாருங்கள். சார்ஜில் போட்டுப் பாருங்கள், கார்டைச் செருகி எடுங்கள். பெற்றோர் கட்டுப்பாட்டுக்குப் பழைய பின் நம்பர் போட்டிருந்தால் விற்பவரையே எடுக்கச் சொல்லி, அவர் கணக்கை நீக்கி, கருவியை முழுசாக அழித்துக் கையில் வாங்குங்கள்.