கூட்டுக் கணக்கு, மேண்டேட், பவர்: பெரியவர்களின் பணத்தை நடத்த எது எந்த நாளில் கைகொடுக்கும்?

வயதான பெற்றோரின் பணத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரு ஏடிஎம் கார்டில்தான் தொடங்குகிறது. "நீயே போய் எடுத்துட்டு வாப்பா" என்று கார்டும், துண்டுச்சீட்டில் எழுதிய பின் நம்பரும் கைமாறும். பல வீடுகளில் பல ஆண்டுகளுக்கு அதுதான் ஏற்பாடு.

எந்த ஏற்பாடானாலும் அதை மூன்று நாட்களில் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள்: பெரியவருக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, வங்கிவரை போகத்தான் முடியவில்லை. இரண்டாம் நாள்: பக்கவாதமோ மறதி நோயோ வந்து, எதில் கையெழுத்திடுகிறோம் என்று புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. மூன்றாம் நாள்: அவர் மறைந்த மறுநாள். முதல் நாளில் எல்லா வழியும் ஓடும். இரண்டாம் நாளில்தான் பலவும் அறுந்துபோகும், பணம் அதிகம் தேவைப்படுவதும் அன்றைக்குத்தான். அதனால் செலவையும் அலைச்சலையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இந்த இரண்டாம் நாளை ஒப்பிட வேண்டும்.

கார்டும் பின்னும்

வசதியில் இதை எதுவும் மிஞ்சாது. ஆனால் வங்கி விதியில் இதற்கு இடமே இல்லை. பின்னும் ஓடிபியும் கணக்குக்காரருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டியவை. நாளை ஒரு மோசடியில் பணம் போனால், பின்னை ஏற்கெனவே இன்னொருவரிடம் கொடுத்திருக்கிறார் என்ற ஒரே காரணம் போதும், வங்கி கைவிரித்துவிட. எடுத்த பணமெல்லாம் பெரியவரே எடுத்ததாகத்தான் பதிவில் நிற்கும். உடன்பிறந்தவர்கள் கேள்வி கேட்கும் நாளில், நேர்மையாகச் செலவழித்த பிள்ளையிடமும் காட்ட ஒன்றும் இருக்காது. மறைவுக்குப் பிறகு அந்தக் கார்டில் எடுப்பது, ஈமச் செலவுக்கே ஆனாலும், உரிமையின்றி எடுத்ததாகவே கணக்காகும்.

கூட்டுக் கணக்கு

குடும்பங்கள் அடுத்து நாடுவது இதைத்தான். இங்கே பலர் கவனிக்காமல் விடுவது, விண்ணப்பத்தில் 'செயல்படுத்தும் முறை' என்ற சின்னக் கட்டம். 'இருவரும் சேர்ந்து' என்று குறித்திருந்தால், ஒருவர் படுத்த அன்றே கணக்கும் படுத்துவிடும். 'முதலாமவர் அல்லது எஞ்சியவர்' என்றால், முதலாமவர் உயிரோடு இருக்கும்வரை இரண்டாமவர் தொட முடியாது. மூன்றாம் நாளுக்கு அது உதவும், இரண்டாம் நாளுக்கு உதவாது. 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்ற முறையில்தான் பிள்ளை தனியாகவே பணம் எடுக்க முடியும்.

இதிலும் எஃப்டி ஒரு பொறி. இந்திய வங்கிகளில் 'இருவரில் ஒருவர்' என்று போட்ட வைப்புத்தொகையை முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். முதிர்வுக்கு முன் உடைக்க வேண்டுமானால், இருவரும் உயிரோடு இருக்கும்வரை பொதுவாக இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க, மகள் எஃப்டி ரசீதோடு கவுன்டரில் திகைத்து நிற்பது இதனால்தான். தவிர்க்க இரண்டு வழி உண்டு. பெரிய தொகையை ஒரே எஃப்டியாகப் போடாமல், சில மாதங்களுக்கு ஒன்று முதிரும்படி நாலைந்தாகப் பிரிக்கலாம். அல்லது சேமிப்புக் கணக்கோடு இணைந்த ஆட்டோ ஸ்வீப் வகையை எடுக்கலாம். கணக்கில் பணம் குறைந்தால் வைப்புத்தொகை தானே உடைந்து ஈடுகட்டும்.

கூட்டுக் கணக்கின் இன்னொரு குறை ஆழமானது. அது உதவியாளரைப் பங்காளியாக்கிவிடுகிறது. பிள்ளைக்குக் கடன் தொல்லையோ விவாகரத்து வழக்கோ வந்தால், அம்மாவின் ஓய்வூதியமும் அந்த வழக்குக்குள் இழுபடக்கூடும். உதவிக்காக மட்டும் சேர்த்த பெயரா, பணத்தையே கொடுக்கச் சேர்த்த பெயரா என்ற கேள்வி மூன்றாம் நாளில் மற்ற வாரிசுகளிடமிருந்து வரும். எதற்காகப் பெயரைச் சேர்த்தோம் என்று பெரியவர் தன் கைப்பட, தேதியிட்டு ஒரு பக்கம் எழுதி வைத்தால் அந்தச் சண்டையில் பாதி குறையும். நாமினி போட்டிருக்கிறோமே என்று நிம்மதியாக இருப்பதும் சரியல்ல. இந்தியச் சட்டத்தில் நாமினி வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அதன் சொந்தக்காரர் அல்ல. பங்குகள் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதையே உறுதிசெய்தது.

மேண்டேட் கடிதம்

பலருக்குத் தெரியாத, முதல் நாளுக்கு மிகப் பொருத்தமான வழி இது. "இந்த எண்ணுள்ள கணக்கை என் சார்பில் இன்னார் இயக்கலாம்" என்று வங்கியின் படிவத்திலேயே எழுதிக் கொடுப்பது. பணம் முழுக்கப் பெரியவருடையதாகவே இருக்கும். ஒரே கடிதத்தில் ரத்து செய்யலாம். எவ்வளவு வரை எடுக்கலாம் என்று வரம்பும் கேட்டுப் பார்க்கலாம். உதவியாளர் தன் கையெழுத்தைத்தான் போடுவார் என்பதால் யார் எடுத்தது என்று பதிவு இருக்கும். கூட்டுக் கணக்கைவிட இது எல்லா வகையிலும் சுத்தம், ஒன்றைத் தவிர: இரண்டாம் நாளில் இது செல்லாது.

பவர் பத்திரம்

பவர் என்பது, தன் சார்பில் காரியங்களைச் செய்ய ஒருவர் இன்னொருவருக்கு, அதாவது முகவருக்கு, எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இங்கேதான் ஊருக்கு ஊர் சட்டம் மாறுகிறது. 'பவர் எழுதி வாங்கியாச்சு, இனிக் கவலையில்லை' என்ற நம்பிக்கை உடைவதும் இங்கேதான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 201 சொல்வது இது: அதிகாரம் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். அதாவது, எந்த நாளுக்காகப் பயந்து பவர் எழுதினோமோ, அந்த நாளில் அது வெறும் தாள். பதிவு செய்திருந்தாலும் அதுதான் நிலை. மறதி நோய் முற்றிய பிறகும் அதே பத்திரத்தை நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. ஒரு சொத்து விற்பனையில் யாராவது மருத்துவச் சான்றோடு எதிர்த்தால் எல்லாம் சரிந்துவிடும்.

வேறு சில நாடுகளில் இந்த ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 அக்டோபர் முதல் 'நீடித்த பவர்' உண்டு. நினைவு தப்பிய பிறகும் அது நிற்கும், ஆனால் பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவு செய்த பிறகே பயன்படுத்தலாம். சிங்கப்பூரின் 2008ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்படி எழுதும் பவர், கொடுத்தவர் திறன் இழந்த பிறகுதான் உயிர் பெறும். எனவே அங்கே முதல் நாளுக்கு அது பயன்படாது. கனடாவின் ஒன்டாரியோவில், திறன் இழந்த காலத்திலும் இது தொடரும் என்று பத்திரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போனால் அது சாதாரண பவர்தான். பெரியவர் எந்த நாட்டில் இருக்கிறார், பணம் எந்த நாட்டில் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டியது இதனால்தான். ஒரு நாட்டின் பத்திரத்தை இன்னொரு நாட்டு வங்கி அப்படியே ஏற்கும் என்று இருந்துவிடக் கூடாது.

எந்த நாட்டிலும் எழுதும் விதம் முக்கியம். பவர் பத்திரத்தை நீதிமன்றங்கள் இறுக்கமாகவே படிக்கும், சொல்லாத அதிகாரத்தை ஊகித்துக் கொடுக்காது. 'என் வங்கிக் காரியங்களைக் கவனிக்க' என்று மட்டும் இருந்தால், எஃப்டியை உடைக்க மேலாளர் தயங்குவது நியாயமே. கணக்கு இயக்குதல், வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடித்தல், காப்பீட்டுக் கோரிக்கை, வரிக் கணக்குத் தாக்கல் என ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதுங்கள். வீட்டை விற்கும் அதிகாரத்தை இதில் கலக்காதீர்கள், தேவைப்பட்டால் அதற்கு வேறு பத்திரம். எழுதிய கையோடு, கணக்குள்ள ஒவ்வொரு கிளைக்கும் கொண்டுபோய்ப் பதிவேற்றச் சொல்லுங்கள். அவசர நாளில் முதன்முறையாக நீட்டும் பவர், சட்டப் பிரிவின் ஒப்புதலுக்கென்று நாட்கணக்கில் கிடக்கும். கையெழுத்திடும்போது பெரியவரின் பெயரை எழுதி, அவருடைய அதிகார முகவராக என்று குறித்து, கீழே உங்கள் கையெழுத்து. அவர் பணம் உங்கள் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது.

டிரஸ்ட்

சொத்தை அறங்காவலர் ஒருவரிடம் ஒப்படைத்து, குறித்தவர்களின் நலனுக்காக நடத்தச் சொல்லும் ஏற்பாடு இது. இந்தியாவில் இரண்டாம் நாளையும் மூன்றாம் நாளையும் ஒருசேரத் தாங்குவது இதுதான். சொத்து அறங்காவலரின் பெயருக்கு மாறிவிடுவதால், பெரியவரின் நினைவு தப்பினாலும் நிர்வாகம் நிற்காது. ஆனால் வீடு, நிலம் சேர்த்தால் பத்திரப் பதிவும் முத்திரைத் தாள் செலவும் உண்டு. தனி வங்கிக் கணக்கு, ஆண்டுக் கணக்கு எல்லாம் வைக்க வேண்டும். பல சொத்துகளோ, வாழ்நாள் முழுக்கப் பராமரிப்பு தேவைப்படும் ஒரு பிள்ளையோ இருந்தால் தகும். ஓய்வூதியமும் இரண்டு எஃப்டியும் மட்டுமென்றால் பளு அதிகம்.

ஒன்றும் செய்யாமல் இரண்டாம் நாள் வந்துவிட்டால்

உடல் மட்டும் தளர்ந்து நினைவு இருந்தால் இன்னும் வழி உண்டு. கையெழுத்திட முடியாத வாடிக்கையாளரின் கைநாட்டையோ கால் விரல் ரேகையையோ வங்கி ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. பணத்தை யார் வாங்கிக்கொள்வார் என்பதையும் பெரியவர் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். கிளையில் தயங்கினால் இந்த விதியைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

நினைவே இல்லையென்றால் நீதிமன்றம்தான். கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்க இந்தியாவில் தனிச் சட்டம் இல்லாததால், குடும்பங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுகின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2019இல் இதற்கு வழிமுறைகள் வகுத்தது. மருத்துவக் குழு பார்க்க வேண்டும், வருவாய்த் துறை விசாரிக்க வேண்டும். மருத்துவமனைக் கட்டணம் அதுவரை காத்திருக்காது.

எதை எடுப்பது

ஒரே ஏற்பாட்டில் எல்லாவற்றையும் அடக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் தவறாகப் போகிறது. இந்தியக் குடும்பம் ஒன்றுக்கு எங்கள் பரிந்துரை கலவைதான். 'இருவரில் ஒருவர்' முறையில் ஒரு சிறிய கூட்டுக் கணக்கு. அதில் மூன்று மாத வீட்டுச் செலவும், ஒரு முறை மருத்துவமனையில் சேர்க்கத் தேவையான தொகையும் மட்டும். மீதிப் பணம் பெரியவரின் தனிக் கணக்கிலேயே, ஒரு மேண்டேட்டோடு, மாதாமாதம் தானாகக் கூட்டுக் கணக்குக்கு மாறும்படி. அரசு ஆவணங்கள், வரி, காப்பீடு என்று அலைய வேண்டியிருந்தால் குறுகிய பவர் ஒன்று. நீடித்த பவர் உள்ள நாட்டில் இருப்பவர்கள் அதை முதல் வேலையாக எழுத வேண்டும், நினைவு தெளிவாக இருக்கும்போதே.

பணத்தைத் தொடாத இன்னொரு பிள்ளைக்கு மாதாந்திர ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலில் போகட்டும். எடுப்பவரும் பார்ப்பவரும் வேறு வேறாக இருந்தால் திருட்டும் குறையும், சந்தேகமும் குறையும். பெரியவரின் கை நடுங்கத் தொடங்கியிருந்தால் இந்த வாரமே கிளைக்குப் போய் மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பியுங்கள். அதோடு கணக்கில் இருக்கும் மொபைல் எண் யாருடையது, அந்த சிம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.